கம்ப்ரசர் ஜாம் - ஒரு கசிவின் வரலாறு

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஏப்ரல் மாசம் ஒரு சடங்கு உண்டு. ஏசியிலிருந்து வரும் காற்று லேசாக வெதுவெதுப்பாகும். மெக்கானிக்கிடம் போவோம். அவர் கேஜை மாட்டிப் பார்த்துவிட்டு, "கேஸ் கம்மியா இருக்கு சார், டாப்-அப் பண்ணிடலாம்" என்பார். பணத்தைக் கொடுத்துவிட்டு ஜில்லென்று வீட்டுக்கு வருவோம். அடுத்த ஏப்ரலில் திரும்ப அதே கதை.

வீட்டு ஃப்ரிட்ஜுக்கு யாராவது இப்படி வருஷா வருஷம் கேஸ் போடுகிறோமா? எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் பதினெட்டு வருஷமாக ஓடுகிறது, ஒருமுறைகூட கேஸ் போட்டதில்லை. இத்தனைக்கும் ரெண்டும் ஒரே தத்துவம்தான். ஒரு கம்ப்ரசர், ஒரு கண்டென்சர், ஒரு கூலிங் காயில், நடுவில் சுற்றிச் சுற்றி வரும் ஒரு கேஸ். பிறகு காரில் மட்டும் அது எங்கே ஓடிப்போகிறது?

ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் குனிந்து பார்த்தீர்களானால் கறுப்பாக ஒரு குடம் இருக்கும். கம்ப்ரசர், அதைச் சுற்றும் மோட்டார் ரெண்டையும் உள்ளே வைத்து, குடத்தை வெல்டு செய்து மூடிவிட்டார்கள். உள்ளே போவது கரண்ட் மட்டும்தான். காரில் அப்படிச் செய்ய முடியவில்லை. கம்ப்ரசரைச் சுற்றுவதற்குச் சில குதிரைத் திறன் வேண்டும். கார் பேட்டரிக்கு அந்தத் தெம்பு கிடையாது. அதனால் என்ஜினிலிருந்து ஒரு பெல்ட். பெல்ட்டுக்கு ஒரு புல்லி. புல்லி வெளியே, பிஸ்டன் உள்ளே. அப்படியானால் ரெண்டையும் இணைக்கும் ஷாஃப்ட் கம்ப்ரசரின் உடம்பைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துதானே ஆகவேண்டும்? அந்த ஓட்டையை அடைப்பது ஒரு சின்ன சீல். சுற்றிக்கொண்டே இருக்கும் ஷாஃப்டை, கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலத்தின் துணையோடு இறுக்கிப் பிடிக்க வேண்டும். கார் சும்மா வெயிலில் நிற்கும்போதே உள்ளே காற்றழுத்தத்தைப் போல ஏழெட்டு மடங்கு அழுத்தம் இருக்கும். போதாக்குறைக்கு என்ஜின் ஆடும் என்பதால் ஃப்ரிட்ஜ் மாதிரி செப்புக்குழாய் போட முடியாமல் ரப்பர் ஹோஸ் வேறு. கசியாமல் என்ன செய்யும்?

இந்தத் துளியூண்டு கசிவு போன நூற்றாண்டில் செய்த வேலை இருக்கிறதே, படிக்கப் படிக்க எனக்குத் தலை சுற்றியது. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். கம்ப்ரசர் ஜாம் ஆகி வந்தவர்கள் கொஞ்சம் பொறுங்கள், அந்த மேட்டருக்கும் வருவோம்.

1920களின் ஃப்ரிட்ஜுகளில் இருந்தவை சல்ஃபர் டை ஆக்சைடு, அம்மோனியா, மெத்தில் குளோரைடு. எல்லாமே விஷம். ராத்திரி குழாய் கசிந்தால் வீட்டில் இருப்பவர்கள் கதி அதோகதி. அப்படிச் செத்தவர்களும் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸின் ஃப்ரிஜிடேர் பிரிவு, விஷமில்லாத, தீப்பிடிக்காத ஒரு கேஸ் வேண்டும் என்று தாமஸ் மிட்ஜ்லி என்பவரிடம் வேலையைக் கொடுத்தது. பெட்ரோலில் ஈயம் கலக்கலாம் என்று 1921இல் கண்டுபிடித்த அதே புண்ணியவான்! 1928இல் மிட்ஜ்லி குழு குளோரின், ஃபுளோரின், கார்பன் சேர்ந்த ஒரு கேஸைப் பிடித்தது. 1930இல் அமெரிக்க ரசாயன சங்கத்தின் கூட்டத்தில் அதை நெஞ்சு நிறைய இழுத்து, மெல்ல ஊதி ஒரு மெழுகுவர்த்தியை அணைத்துக் காட்டினார். விஷமும் இல்லை, எரியவும் இல்லை என்று ஒரே மூச்சில் நிரூபணம். ஆளு கில்லாடி. ஃப்ரியான் என்று வியாபாரப் பெயர் வைத்தார்கள். மெக்கானிக் பாஷையில் ஆர்-12. நம்மூரில் "பன்னெண்டு கேஸ்".

இது வந்ததால்தான் கார் ஏசி என்பதே சாத்தியமானது. கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருக்கும் நாலு பேர் மேல் சல்ஃபர் டை ஆக்சைடு கசிந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஆர்-12 கசிந்தால் ஒன்றும் ஆகாது. ஆகவே கசியலாம்! அன்றைய என்ஜினியர்கள் மனசில் இந்த 'ஆகவே' அழுத்தமாக உட்கார்ந்துவிட்டது என்பது என் கணிப்பு. கேஸ் மலிவு, விஷமில்லை. அப்புறம் எதற்கு அந்த சீலோடு மல்லுக்கட்ட வேண்டும்?

கம்பெனியிலேயே ஏசி பொருத்தித் தந்த முதல் கார் பேக்கர்டு. 1939 நவம்பரில் சிகாகோ கார் கண்காட்சியில் 1940 மாடலாகக் காட்டினார்கள். ஏசிக்கு மட்டும் 274 டாலர். அந்த வருஷம் மலிவான பேக்கர்டு காரையே ஆயிரம் டாலருக்குள் வாங்கிவிடலாம். கூலிங் காயில் டிக்கியில் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டது. இதில் பெரிய தமாஷ், ஏசியை நிறுத்த ஸ்விட்ச் கிடையாது. கம்ப்ரசருக்கு கிளட்ச் இல்லையாதலால் என்ஜின் ஓடினால் அதுவும் ஓடும். குளிர் போதும் என்று தோன்றினால் காரை ஓரங்கட்டி, என்ஜினை நிறுத்தி, பானெட்டைத் திறந்து பெல்ட்டைக் கழற்ற வேண்டும். கோட்டு சூட்டு போட்ட பேக்கர்டு முதலாளிகள் இதைச் செய்திருப்பார்கள் என்கிறீர்கள்? டிரைவர்கள்தான் பாவம். ரெண்டே வருஷத்தில் இழுத்து மூடிவிட்டார்கள்.

போருக்கப்புறம் 1953இல் கிரைஸ்லர் மறுபடி ஆரம்பித்தது. 1954இல் நாஷ் அம்பாஸடரில் (நம்ம கல்கத்தா அம்பாஸடர் இல்லை, இது அமெரிக்காவின் நாஷ் கம்பெனி) கம்ப்ரசர், காயில், ஹீட்டர் எல்லாம் காரின் முன்பக்கத்துக்கே வந்து, மின்காந்த கிளட்சும் வந்துவிட்டது. ஏசி பட்டனைத் தட்டியதும் பானெட்டுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கிறதே, அந்த கிளட்ச். 1962 மாடல்களில் ஜிஎம் கொண்டுவந்த ஏ-6 கம்ப்ரசரில், சாய்ந்த தட்டு ஒன்று சுற்றச் சுற்ற ஆறு சிலிண்டர்களுக்குள் பிஸ்டன்கள் முன்னும் பின்னும் தள்ளப்படும். இன்று நம் கார்களில் இருக்கும் கம்ப்ரசர்கள் பலவும் அதே சாய்ந்த தட்டின் பேரப்பிள்ளைகள்தான். 1969 வாக்கில் அமெரிக்காவில் விற்ற புதுக் கார்களில் பாதிக்கு மேல் ஏசி. கேஸ் குறைந்தால் போட்டுக்கொள்ளச் சின்னச் சின்ன டின்களில் ஆர்-12, கடையில் என்ஜின் ஆயில் பக்கத்திலேயே கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் நின்று அவரவரே போட்டுக்கொண்டார்கள்.

1974 ஜூனில் நேச்சர் இதழில் மரியோ மோலினா, ஷெர்வுட் ரோலண்ட் என்ற கலிஃபோர்னிய விஞ்ஞானிகள் இருவரின் கட்டுரை வந்தது. அவர்கள் கேட்டது ரொம்ப எளிய கேள்வி. இவ்வளவு கேஸ் வெளியே போகிறதே, அது எதோடும் சேராது, எரியாது, மழையில் கரையாது, அப்படியானால் கடைசியில் எங்கே போகிறது? எங்கள் தொழிலில் மெமரி லீக் தேடுவது மாதிரிதான். ஒதுக்கியது எல்லாம் எங்கோ இருக்கத்தானே வேண்டும்! பதில்: மெல்ல மெல்ல மேலே ஏறி ஓசோன் படலத்துக்குப் போகிறது. அங்கே புற ஊதாக் கதிர் பட்டு உடைந்து குளோரின் வெளியே வருகிறது. ஒரு குளோரின் அணு லட்சம் ஓசோன் மூலக்கூறுகள் வரை காலி செய்யும். மிட்ஜ்லி எந்தக் குணத்துக்காக அதைத் தேர்ந்தெடுத்தாரோ, எதோடும் சேராத அந்தச் சாது குணம்தான் அதை அவ்வளவு உயரம் கொண்டுபோய்ச் சேர்த்தது. (மிட்ஜ்லி 1944லேயே இறந்துவிட்டார். இது எதுவும் அவருக்குத் தெரியாது.)

கம்பெனிகள் வழக்கம்போல் மறுத்தன. 1978இல் அமெரிக்கா ஸ்ப்ரே டப்பாக்களில் மட்டும் தடை போட்டது. அதன் பிறகு ஆர்-12ஐ அந்த நாட்டில் அதிகம் குடித்தது கார் ஏசிதான். புதுக் காரில் நிரப்பியதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஓடிக்கொண்டிருக்கும் பழைய கார்களின் சீல் வழியே போனதை ஈடுகட்டுவதற்கே ஏகப்பட்டது தேவைப்பட்டது. நம்ம ஏப்ரல் டாப்-அப், ஆனால் ஒரு கண்டத்தின் அளவில்.

1985இல் பிரிட்டிஷ் அண்டார்டிக் சர்வேயின் ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் மூவரும் அண்டார்டிகாவில் ஒவ்வொரு வசந்தத்திலும் ஓசோன் பெரிதாகக் குறைவதை அளந்து வெளியிட்டார்கள். அதற்குமேல் மழுப்ப முடியவில்லை. 1987 செப்டம்பர் 16 அன்று மான்ட்ரியல் ஒப்பந்தம். ரோலண்டுக்கும் மோலினாவுக்கும் 1995இல் பால் க்ரூட்சனோடு சேர்த்து நோபல்.

அமெரிக்காவில் 1992 ஜூலை முதல் கேஸைக் காற்றில் திறந்து விடுவதே சட்டவிரோதம். 1995 முடிவோடு ஆர்-12 உற்பத்தி நின்றது. ஆனால் ரோட்டில் ஓடும் கோடிக்கணக்கான பழைய கார்கள் நிற்குமா? அவற்றின் சீல்கள் சட்டம் படித்திருக்குமா? விலை பல மடங்கு ஏறியது. விளைவு, கடத்தல்! 1990களின் நடுவில் மயாமி துறைமுகத்தில் கொகெயினுக்கு அடுத்தபடி லாபமான கடத்தல் சரக்கு ஏசி கேஸ்தான் என்று அங்கே செய்திகள் வந்தன. படகில் பொட்டலம் கடத்தும் படங்கள் ஆயிரம் பார்த்திருக்கிறோம். சிலிண்டர் கடத்தும் வில்லனை எந்த இயக்குநரும் எடுக்கவில்லையே :-)

நம் கதை இங்கேதான் கொஞ்சம் சுவாரசியமாகிறது. இந்தியா முதலில் மான்ட்ரியல் ஒப்பந்தத்தில் சேரவில்லை. ஐம்பது வருஷம் நீங்கள் கசியவிட்டதற்கு நாங்கள் ஏன் செலவழிக்க வேண்டும் என்பது இந்தியாவின், சீனாவின் வாதம். 1990 லண்டன் கூட்டத்தில் அப்போது சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த மேனகா காந்தி இதற்காகக் கடுமையாகவே வாதாடினார். பலன், வளரும் நாடுகளுக்கு மாற்றுச் செலவைத் தரும் பன்னாட்டு நிதி ஒன்று உருவானது, அவகாசமும் கிடைத்தது. இந்தியா 1992இல் சேர்ந்தது. என்னைக் கேட்டால் அது நியாயமான சண்டை. பிற்காலத்துப் பருவநிலை ஒப்பந்தங்கள் இழுபறியில் நிற்பதையும் மான்ட்ரியல் ஜெயித்ததையும் ஒப்பிட்டால், யார் பில் கட்டுவது என்பதை ஆரம்பத்திலேயே பேசி முடித்ததுதான் வித்தியாசம் என்று தோன்றுகிறது.

அந்தக் காலத்தில் இந்தியாவில் சிஎஃப்சி தயாரித்தவை நாலு கம்பெனிகள். அதில் ஒன்று நம் மேட்டூரில் இருந்த கெம்பிளாஸ்ட் சன்மார். அவர்கள் கேஸின் பெயரே மெட்ரான்! மேட்டூர் என்றால் அணையும் மீனும் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இது புதுச் செய்தி. 1999இல் அந்தப் பன்னாட்டு நிதியிலிருந்து இந்தியாவின் சிஎஃப்சி உற்பத்தியை நிறுத்த 8 கோடியே 20 லட்சம் டாலர் ஒதுக்கினார்கள். 2003 ஜனவரி முதல் புதுச் சாதனங்களில் சிஎஃப்சி போடத் தடை. 2008 ஆகஸ்ட்டில், கெடுவுக்கு முன்பே, உற்பத்தி நின்றது.

அப்படியானால் இடைப்பட்ட காலத்து இந்தியக் கார்களின் கதி? மாற்றாக வந்த ஆர்-134ஏ கேஸில் குளோரின் இல்லை, ஓசோனுக்கு ஆபத்தில்லை. ஆனால் பன்னெண்டு கேஸை எடுத்துவிட்டு 134ஐ அடைத்தால் வேலை முடியவில்லை. கம்ப்ரசருக்கு என்ஜின் மாதிரி தனியாக ஆயில் மாற்றும் ஏற்பாடெல்லாம் இல்லை. உள்ளே ஊற்றிய ஆயில் கேஸோடு கலந்து, கேஸோடவே ஊர் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தால்தான் பிஸ்டனுக்கு உயவு. பழைய மினரல் ஆயில் ஆர்-12ல் கரையும், 134ல் கரையாது. கண்டென்சரிலும் காயிலிலும் அங்கங்கே தங்கிவிடும். கம்ப்ரசர் தாகத்தில் சாகும். அதனால் 134க்கு பேக் என்ற வேறு ஆயில் வேண்டும், ஈரம் உறிஞ்சும் டிரையரை மாற்ற வேண்டும், கேஸையும் பழைய எடையில் எண்பது தொண்ணூறு சதவீதம்தான் போட வேண்டும். இவ்வளவும் யார் செய்தார்கள்? கேஸை மட்டும் மாற்றிப் பில் போட்டவர்கள்தான் அதிகம். அந்தத் தலைமுறைக் கம்ப்ரசர்கள் நிறைய அற்பாயுசில் போய்ச் சேர்ந்தன.

இப்போது ஜாம் மேட்டர். எங்கள் வீட்டுக் கார் 1998 மாடல் (கம்பெனி பெயர் வேண்டாம்). எனக்கும் அதற்கும் கிட்டத்தட்ட ஒரே வயசு. பன்னெண்டு கேஸோடு பிறந்து பிற்பாடு 134க்கு மாறியது. அம்மாவை மாதம் ரெண்டு தடவை சிகிச்சைக்காக வேலூருக்குக் கூட்டிப்போவது அதில்தான். பழகின கார் என்றால்தான் அம்மா தைரியமாக ஏறுவார். போன வருஷம் மே மாதம், கத்திரி வெயிலில், கம்ப்ரசர் 'கர்ர்ர்' என்று இரண்டு நாள் கத்திவிட்டு நின்றது. பெல்ட் கருகிய வாசனை. வேலூர் வெயிலில் ஏசி இல்லாமல் மூணு மணி நேரம் அம்மாவை உட்காரவைக்க முடியாது. வாடகைக் கார் எடுத்துப் போனோம், அது வேறு கதை.

மெக்கானிக் அண்ணன் கம்ப்ரசரைக் கழற்றிக் கவிழ்த்தார். நியாயமாக நூறு மில்லிக்கு மேல் ஆயில் வரவேண்டும். ரெண்டு ஸ்பூன் வந்தது, மை மாதிரி. விரலில் தொட்டால் அலுமினியப் பொடி மினுக்கியது. அமெரிக்க மெக்கானிக்குகள் இந்தக் கறுப்புக் குழம்புக்கு 'பிளாக் டெத்' என்று பெயர் வைத்திருக்கிறார்களாம்.

"பாத்தீங்களா தம்பி? சீல்ல கேஸ் மட்டுமா போகுது, ஆயிலும்தான் போகுது. வருஷா வருஷம் கேஸ் போட்டாங்க. ஆயில் யார் போட்டாங்க?"

"கம்ப்ரசர் மட்டும் மாத்தினா போதாதாண்ணே?"

"போதும். ஒரு மாசம் ஓடும். லைன்ல கெடக்கிற பொடி எல்லாம் திரும்ப அதுக்குள்ளதான் வரும். அப்புறம் நீங்க என்னைத் திட்டுவீங்க."

கணக்கு போட்டோம். ரீகண்டிஷன் செய்த கம்ப்ரசர், புது டிரையர், புது எக்ஸ்பான்ஷன் வால்வ், புதுக் கண்டென்சர் (இப்போதைய மெல்லிசு குழாய்க் கண்டென்சர்களைக் கழுவிச் சுத்தம் செய்ய முடியாது), மற்ற லைனெல்லாம் ஃப்ளஷ், ஆயில், கேஸ், கூலி. மொத்தம் 26,500. காரை விற்றால் நாற்பது வரும் என்றார் ஒரு புரோக்கர். அப்பா நோட்டில் ரெண்டு எண்ணையும் எழுதி அரை மணி நேரம் பார்த்தார். "வித்துட்டு அவளை எதுல கூட்டிட்டுப் போறது?" என்று கேட்டுவிட்டு நோட்டை மூடினார். செய்யச் சொல்லிவிட்டோம்.

செய்தவிதம் திருப்தி. முக்கால் மணி நேரம் வேக்கம் போட்டு, நிறுத்தி, முள் அசைகிறதா என்று காத்திருந்து பார்த்தார். கேஸை கேஜ் பார்த்து அல்ல, தராசில் நிறுத்துப் போட்டார். பழைய காரை ரிப்பேர் செய்பவர்கள் இந்த ரெண்டையும் கண்ணால் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். மாதத்தில் ரெண்டு மூணு தடவையாவது, மழைக்காலமானாலும், பத்து நிமிஷம் ஏசியை ஓட்டவும் சொன்னார். ஓடினால்தான் சீலில் எண்ணெய்ப் படலம் நிற்கும், காய்ந்தால் விரிசல்.

வீட்டுக்கு வந்து ஒரு கணக்கு போட்டேன். ஆர்-134ஏ ஓசோனுக்கு நல்ல பிள்ளை, ஆனால் நூறு வருஷக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப் போல எடைக்கு எடை 1,430 மடங்கு சூடாக்கும். சின்னக் காரில் போடும் அரை கிலோ முழுசும் கசிந்தால் 715 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். அதாவது 300 லிட்டர் பெட்ரோலை எரித்த மாதிரி. பன்னெண்டு கேஸின் எண் பத்தாயிரத்துக்கும் மேல். ஆக, மான்ட்ரியல் ஓசோனை மட்டும் காப்பாற்றவில்லை. ஆனால் ஒரு கசிவை அடைக்காமல் கசியும் பொருளை மட்டும் மாற்றிக்கொண்டே வந்திருக்கிறோம். ஐரோப்பாவில் 2017 முதல் புதுக் கார்களில் 134ம் கூடாது. ஆர்-1234ஒய்எஃப் என்ற அடுத்த ஆள் வந்தாயிற்று. 2016இல் ருவாண்டாவின் கிகாலியில் 134 வகையறாவையும் படிப்படியாகக் குறைக்க ஒப்புக்கொண்டார்கள். இந்தியா 2021இல் அதை ஏற்றது.

அந்த ஷாஃப்டையே ஒழித்தது என்று பார்த்தால் 2003இல் வந்த டொயோட்டா பிரியஸ். அதில் பெரிய பேட்டரி இருந்ததால் கம்ப்ரசரை மின்சாரத்திலேயே சுற்றினார்கள். பெல்ட் இல்லை, புல்லி இல்லை, மோட்டார் உள்ளேயே. ஃப்ரிட்ஜின் கறுப்புக் குடம் 60 வருஷம் கழித்து ஒருவழியாகக் காருக்குள் வந்துவிட்டது! இப்போது மின்சாரக் கார்கள் எல்லாமே அப்படித்தான். அவற்றில் பேக் ஆயிலை ஊற்றக் கூடாது, மின்காப்புக் கெட்டுவிடும். பிஓஇ என்று மூணாவது ஆயில்.

மெக்கானிக் அண்ணன் ஷெல்ஃபில் இப்போது மூணும் இருக்கின்றன. மினரல் பாட்டில் மேல்தான் ஒரு விரல்கடைத் தூசி. இது இன்னும் எதுக்குண்ணே என்று கேட்டேன்.

"ஒரு காண்டஸா வரும்ப்பா, வருஷத்துக்கு ஒருதடவை. அதுல இன்னும் பன்னெண்டுதான். அந்த சார் மாத்த விடமாட்டேங்கிறாரு."